நியூட்டனுக்கு எதிராக ஓர் ஆணி

கடலூருக்கு எல்லை வகுத்தது சர்வேயர் இல்லை, பீரங்கி. 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி, செஞ்சியில் இருந்த மராத்தியர்களிடம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைபேசி வாங்கியது. கோட்டையோடு சுற்றுவட்டார நிலமும் சேர்த்தி என்று பேச்சு. எதுவரை? பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரை. விற்றவர்கள் உள்ளூர்ப் பீரங்கியை மனதில் வைத்துத் தலையாட்டினார்கள் போலும். அப்போது சென்னையில் கம்பெனியின் கவர்னர் எலிஹு யேல். பின்னாளில் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகமே அவர் பெயரைத் தாங்கிக்கொண்டது. அவர் விவரமான ஆள். சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்து வந்து சேர்ந்தது. குண்டு விழுந்த தூரம்வரை இருந்த ஊரெல்லாம் கம்பெனிக்குப் போயிற்று. அவற்றுக்குக் ‘குண்டு கிராமங்கள்’ என்று பெயரும் நிலைத்தது.

அளவைவிட அளக்கிறவர் கைதான் பெரிது என்பதை இவ்வளவு சத்தமாக வேறு யாரும் நிரூபித்ததில்லை.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்திருக்கும். சரித்திரப் புத்தகங்கள் அதைப் பெரிதுபடுத்துவதில்லை. குண்டு முன்னால் பறந்தபோது பீரங்கி பின்னால் எகிறியிருக்கும். அதற்கு மூன்று வருடம் முன்புதான், 1687-ல், ஐசக் நியூட்டன் தன் மூன்றாம் விதியை அச்சேற்றியிருந்தார்: எந்த வினைக்கும் சமமான எதிர்வினை உண்டு. தேவனாம்பட்டினத்துப் பீரங்கிக்காரருக்கு அந்த விதி புத்தகம் படிக்காமலே விலாவில் புரிந்திருக்கும். பல்லை நகர்த்துகிற டாக்டர்களுக்கு அது இன்றுவரை நோயாளியின் வாய்க்குள் புரிந்துகொண்டிருக்கிறது.

விஷயம் இதுதான். நம் பக்கத்தில் கிளிப் போட வருகிறவர்களில் கணிசமான பேருக்கு மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டுமே முன்னால் தள்ளியிருக்கும். உதட்டை மூட மெனக்கெட வேண்டும். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் கண்ணில் படாத எத்துப்பல், கல்யாணப் பேச்சு தொடங்கியதும் மொத்தக் குடும்பத்தின் கண்ணிலும் ஒரே நாளில் படும். வைத்தியம் என்னவென்றால், சிங்கப்பல்லுக்குப் பின்னால் இருக்கிற சிறிய கடைவாய்ப்பல்லை நான்கு பக்கமும் பிடுங்குவது. ஒவ்வொரு இடத்திலும் சுமார் 7 மில்லிமீட்டர் காலியாகும். அந்த இடத்துக்குள் முன்பற்களை ஸ்பிரிங் வைத்துப் பின்னுக்கு இழுப்பது.

எதைப் பிடித்துக்கொண்டு இழுப்பது? பின்னால் இருக்கிற பெரிய கடைவாய்ப்பல்லைத்தான். இங்கேதான் நியூட்டன் கடன்காரர் மாதிரி வாசலில் வந்து நிற்கிறார். முன்பல் பின்னே வரும்போதே கடைவாய்ப்பல்லும் முன்னே வருகிறது. சிதம்பரத்தில் தேர் கிளம்புகிற நேரத்தில் வடம் பிடிக்கிறவர்களின் கால்களைக் கவனித்திருப்பீர்கள்; தேர் ஓர் அங்குலம் அசைவதற்குள் ஆட்கள் நாலு அங்குலம் வழுக்கித் தேர்ப்பக்கமே போயிருப்பார்கள். கடைவாய்ப்பல்லின் கதியும் அதுதான். டாக்டர்கள் இதை ‘ஆங்கரேஜ் லாஸ்’ என்பார்கள். பிடுங்கிய இடம் என்னவோ அழகாக மூடிவிடும். ஆனால் பாதியை முன்பல்லும் பாதியைக் கடைவாய்ப்பல்லும் பங்குபோட்டு மூடியிருக்கும். நான்கு பல்லைப் பறிகொடுத்து, இரண்டு வருடம் முறுக்கையும் சீடையையும் தியாகம் செய்தவர், கண்ணாடியில் பார்த்தால் பழைய எத்துப்பல் அரைவாசி அப்படியே சிரிக்கும்.

ஆக, நகராத ஒரு பிடிமானம் வேண்டும். இந்தத் துறையின் முந்நூறு வருடச் சரித்திரமே அதைத் தேடி அலைந்த கதைதான்.

பல் வைத்தியத்தின் ஆதிபுருஷர் என்று பிரெஞ்சுக்காரர் பியர் ஃபோஷாரைச் சொல்வார்கள். 1728-ல் அவர் எழுதிய புத்தகத்தில் பல்வரிசையோடு ஒட்டி வைக்கும் உலோகப் பட்டை ஒன்று வருகிறது. கோணல் பற்களை அதோடு நூலால் இழுத்துக் கட்டிவிடுவது. எது நகர வேண்டும், எது நகரக் கூடாது என்கிற கேள்வியை ஃபோஷார் அவ்வளவாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் கட்டு, எது வருகிறதோ வரட்டும்.

அமெரிக்காவில் நார்மன் கிங்ஸ்லி என்றொருவர் இருந்தார். சிற்பமும் செதுக்குவார், பல்லும் பார்ப்பார். 1860-களில் அவருக்கு ஒரு யோசனை: வாய்க்குள் எதைப் பிடித்தாலும் நகர்கிறது, அப்படியானால் வாய்க்கு வெளியே போய்விட்டால் என்ன? தலையைச் சுற்றி வார் கட்டி, அதிலிருந்து பல்லை இழுத்தார். மண்டை ஓடு நகராது அல்லவா. ‘ஹெட்கியர்’ பிறந்தது. இயற்பியல்படி குற்றமே சொல்ல முடியாத கருவி. ஒரே ஒரு குறை: அதைக் கழற்றி வைக்க முடியும். ராத்திரி முழுக்கப் போட்டிருந்தேன் என்று டாக்டரிடம் சத்தியம் செய்துவிட்டுத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைக்கும் பிள்ளைகளை நியூட்டன் கணக்கில் சேர்க்கவில்லை. நூறு வருடத்துக்கும் மேலாக உலகமெங்கும் டாக்டர்கள் அதை மாட்டிவிட்டார்கள், பிள்ளைகள் கழற்றி வைத்தார்கள்.

அடுத்து எட்வர்ட் ஆங்கிள். இந்தத் துறைக்கே தகப்பன் என்று பெயர் வாங்கியவர். 1900-ல் இதற்கென்று தனிப் பள்ளிக்கூடமே செயின்ட் லூயிஸில் திறந்தார். கண்டுபிடித்த கருவிக்கெல்லாம் காப்புரிமை வாங்கிவிடுவார். தன்னோடு ஒத்துப்போகாதவரோடு பேச்சே கிடையாது. கடவுள் முப்பத்திரண்டு பல் கொடுத்திருக்கிறார், அத்தனையும் வாயில் இருக்க வேண்டும் என்பது அவருடைய வேதம். கால்வின் கேஸ் என்கிற இன்னொரு டாக்டர், சிலருக்குப் பல்லைப் பிடுங்கத்தான் வேண்டும் என்றார். 1911-ல் இதற்கென்றே பெரிய விவாதம் நடந்தது. ஆங்கிள் நேரே இறங்கவில்லை; அவர் தரப்பைப் பேச மார்ட்டின் டூவி இருந்தார். தத்துவ விவாதம் என்று தொடங்கி, தெருச்சண்டைக்கு ஒரு பிடி குறைவாக முடிந்த சங்கதி அது. அப்போதைக்கு வென்றது ஆங்கிள் கட்சி.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிளைக் கவிழ்த்தது அவருடைய செல்லச் சீடர் சார்லஸ் ட்வீட். குருவின் வழியில் பல் பிடுங்காமலே வைத்தியம் பார்த்தவர், சில வருடம் கழித்துத் தன் நோயாளிகளைத் திரும்பப் பார்த்தபோது திடுக்கிட்டார். பல்லெல்லாம் வரிசையாகத்தான் இருந்தது. வரிசையாக முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. திரும்பக் கூப்பிட்டு, நான்கு நான்கு பல்லைப் பிடுங்கி, மறுபடி முதலிலிருந்து செய்தார். 1940-ல் அப்படி இரண்டு முறை வைத்தியம் பார்த்த 100 பேரின் மாதிரிகளைச் சபையில் அடுக்கிவைத்தார். குரு 1930-லேயே காலமாகிவிட்டதால் அந்தக் கண்காட்சியைப் பார்க்கும் கொடுமையிலிருந்து தப்பினார்.

பிடுங்குவது நியாயம் என்றாகிவிட்ட பிறகுதான் பிடிமானப் பிரச்சினை தலைக்கு மேல் போனது. அத்தனை இடமும் காலியாகிறதே, அதைக் கடைவாய்ப்பல் தின்றுவிடாமல் யார் காப்பது?

1945-ல் கெயின்ஸ்ஃபோர்த், ஹிக்லி என்று இரண்டு பேர் நாய்களின் தாடையில் விட்டாலியம் என்கிற உலோகக் கலவை ஸ்குரூவை முடுக்கி, அதிலிருந்து பல்லை இழுத்துப் பார்த்தார்கள். எலும்பையே பிடித்துவிட்டால் கடைவாய்ப்பல்லின் தயவு எதற்கு? யோசனை அபாரம். ஸ்குரூக்கள் 16-லிருந்து 31 நாளுக்குள் ஒன்று விடாமல் கழன்று விழுந்தன. நாய்கள் என்ன நினைத்தன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தத் துறையில் அதுவரை கிடைத்த மிக நேர்மையான கருத்தாக அது இருந்திருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் பல்கலைக்கழகம் கண்டார். அதே வருடம் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் பிறந்தார். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இந்த இரண்டு நிகழ்ச்சிகளும் பிறகு ஒரே வாயில் வந்து சந்தித்தன. பிரோனமார்க் 1950-களின் தொடக்கத்தில் முயல் காலெலும்பில் டைட்டானியக் கூடு ஒன்றைப் பதித்து ரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆராய்ச்சி முடிந்து கூட்டைக் கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது. வேறொருவராக இருந்தால் விலையுயர்ந்த சாமான் போயிற்றே என்று புலம்பியிருப்பார். இவர் அதிலிருந்து செயற்கைப் பல் பதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். 1965-ல் முதல் மனிதருக்குப் பதித்தார். பல் உலகம் அதை மனதார ஒப்புக்கொள்ள 1982 டொராண்டோ மாநாடு வரை ஆயிற்று.

ஆனால் கிளிப் போடுகிற டாக்டருக்கு அந்த இம்ப்ளாண்ட் உதவாது. பருமன், பதிக்கப் பல் இல்லாத இடம் வேண்டும், எலும்போடு சேர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், சேர்ந்தபின் கழற்றவும் முடியாது. இவருக்குத் தேவை வேலை முடிந்ததும் மரியாதையாகக் கிளம்பிப் போகிற ஆணி. 1983-ல் கிரீக்மோர், எக்லுண்ட் என்ற அமெரிக்கர்கள் ஒரு பெண்ணின் மூக்குத்தண்டுக்குக் கீழே எலும்பில் ஒரு ஸ்குரூவை வைத்து, இறங்கியிருந்த மேல் முன்பற்களை ஒரு வருடத்தில் சுமார் 6 மில்லிமீட்டர் மேலே ஏற்றிக் காட்டினார்கள். பிரமாதம் என்று எல்லோரும் பாராட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். 1997-ல் ஜப்பானின் ரியூசோ கனோமி 1.2 மில்லிமீட்டர் பருமன், 6 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு குட்டி ஸ்குரூவைப் பற்றி எழுதினார். இரண்டு பல்வேர்களுக்கு நடுவில் புகுந்துகொள்ளும் அளவு. அதன்பிறகு கொரியா, ஜப்பான், தைவான் என்று கிழக்காசியா முழுக்க ஆணி மயம். கொரியாவின் டேகுவில் தயாரான ஒன்றுக்கு ‘ஆப்சோஆங்கர்’ என்றே பெயர் வைத்தார்கள். பூரணப் பிடிமானம் என்று பெயரிலேயே உறுதிமொழி.

பீரங்கி வந்து இறங்கிவிட்டது. குண்டு எவ்வளவு தூரம் போகும் என்று அளக்க யாராவது வேண்டுமே.

சிதம்பரம் அண்ணாமலை நகரில், செட்டியார் கண்ட அதே பல்கலைக்கழகத்தில் 1980-ல் தொடங்கிய ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியிலிருந்து 2006-ல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் ஆர்த்தோடாண்டிக்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் பத்ரி திருவேங்கடாச்சாரி, பவித்ரானந்த், ராஜசிகாமணி; கூடவே கொரியாவின் கியுங் ஹீ-மூன். பத்து நோயாளிகள், ஏழு பெண்கள், மூன்று ஆண்கள். எல்லோருக்கும் சிறு கடைவாய்ப்பல் பிடுங்கியாயிற்று. வாயின் ஒரு பக்கத்தில் 1.3 மில்லிமீட்டர் பருமன், 9 மில்லிமீட்டர் நீளமுள்ள டைட்டானிய ஆணி. மறுபக்கத்தில் பாட்டன் காலத்துக் கடைவாய்ப்பல். பித்தளைக் கம்பியை அடையாளம் வைத்து எக்ஸ்ரே எடுத்து ஆணிக்கு இடம் பார்த்தார்கள். 15 நாள் பொறுத்து இரண்டு பக்கமும் 100 கிராம் விசையில் ஸ்பிரிங் மாட்டிச் சிங்கப்பல்லை இழுத்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது அதன் குறும்பு. ஆணி போட்ட நோயாளியையும் போடாத நோயாளியையும் ஒப்பிட்டால், அவர் எலும்பு வேறு, இவர் சாப்பாடு வேறு என்று ஆயிரம் சாக்குச் சொல்லலாம். ஒரே வாயில் இடது ஒரு கட்சி, வலது ஒரு கட்சி என்று நிறுத்தினால் சாக்குக்கு வழியில்லை. கோவில் தெற்கு வீதியில் அதே தோசையை அதே எச்சில்தான் மென்றிருக்கிறது.

முடிவு: பழைய பக்கத்தில் கடைவாய்ப்பல் மேல்தாடையில் சராசரி 1.6 மில்லிமீட்டரும் கீழ்த்தாடையில் 1.7 மில்லிமீட்டரும் முன்னே நகர்ந்திருந்தது. ஆணிப் பக்கத்தில் கடைவாய்ப்பல் இருந்த இடத்திலேயே இருந்தது. 1.6 மில்லிமீட்டர் என்றால் அற்பம் என்று தோன்றும். கிடைத்த 7-ல் அது கிட்டத்தட்டக் கால்வாசி. அதுவும் சிங்கப்பல்லை மட்டும் இழுத்ததற்கு. முன்பற்கள் நான்கையும் இழுக்கும் கச்சேரி இன்னும் பாக்கி. அதே துறையிலிருந்து 2008-ல் வந்த அடுத்த கட்டுரையில் 12 பேரிடம் வேகத்தை அளந்தார்கள்: மேல்தாடையில் ஆணிப் பக்கம் மாதம் 0.93 மில்லிமீட்டர், கடைவாய்ப்பல் பக்கம் 0.81. ஆணி கொஞ்சம் வேகம்தான். ஆனால் அந்த வித்தியாசத்தை வைத்துக் கல்யாணத் தேதியை முன்கூட்டியே குறிக்க முடியாது.

கம்பெனிக்காரர்கள் போல மிகப்பெரிய பீரங்கியைத் தேடாமல், பத்து வாயை வைத்துக்கொண்டு அடக்கமாக அளந்தார்கள் என்பது பெருமை. பத்தே வாய் என்பது குறையும்தான். அதைவிட முக்கியமான ஒன்று: கடைவாய்ப்பல் நகரவில்லை என்பதால் ஆணியும் நகரவில்லை என்று ஆகாது. இந்தக் கேள்வியை 2004-லேயே தைவானின் எரிக் லியூ குழு கேட்டுவிட்டது. 16 பேருக்கு 400 கிராம் விசை கொடுத்துப் பார்த்தார்கள். ஆணிகள் கழன்று விழவில்லை. ஆனால் 7 பேரிடம் மெதுவாக இடம்பெயர்ந்திருந்தன, சிலருக்கு 1.5 மில்லிமீட்டர் வரைக்கும். அசையாது என்று பெயர் வாங்கிய ஆசாமி ரகசியமாக நடைபயிற்சி போய்க்கொண்டிருந்தான். அதனால் பல்வேர், நரம்பு பக்கத்தில் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டுப் போடுங்கள் என்று எச்சரித்தார்கள். பூரணம், பரிபூரணம் போன்ற சொற்களை விளம்பரத் தாளிலேயே விட்டுவிடுவது நல்லது.

கழன்று விழும் கணக்கு தனி. 2003-ல் ஜப்பானின் மியாவாகி குழு சொன்னதில் 1 மில்லிமீட்டர் பருமன் ஆணிகள் அத்தனையும் தோற்றன, நாய்களின் சாபம் போலிருக்கிறது. 1.5 மில்லிமீட்டரில் 83.9 சதவீதம் நின்றன, 2.3 மில்லிமீட்டரில் 85. அதாவது ஓர் அளவுக்கு மேல் தடிமன் கூட்டிப் பெரிய லாபம் இல்லை. வெற்றி என்று அவர்கள் எழுதியது, ஒரு வருடமோ வேலை முடியும்வரையோ தாக்குப்பிடித்ததை. வெற்றிக்கு வேறு இலக்கணம் வைத்தால் வேறு சதவீதம் வரும். யேல் கவர்னரைக் கேட்டால் சொல்லியிருப்பார். 2012-ல் பாப்பஜோர்ஜியு குழு பல ஆராய்ச்சிகளைச் சேர்த்து 2,281 நோயாளிகள், 4,987 ஆணிகளுக்குக் கணக்குப் போட்டது: தோல்வி 13.5 சதவீதம். ஏழெட்டில் ஒன்று விழும்.

எலும்பு கெட்டியான கீழ்த்தாடையில்தான் அதிகம் விழுகிறது என்பது இதில் உள்ள நையாண்டி. கெட்டி எலும்பில் முடுக்கும்போது சூடேறி எலும்பு வெந்துபோகிறது. கீழே கெட்டி ஈறு கொஞ்சம்தான், அசைகிற ஈறில் போட்டால் வீங்குகிறது. சாப்பிட்டதெல்லாம் அங்கேதான் போய்த் தேங்குகிறது. வேரில் உரசியபடி நிற்கிற ஆணியும் நிலைக்காது. கொரியாவின் ஹியோ-சாங் பார்க் குழு 2006-ல் இன்னொரு வினோதத்தைச் சொன்னது: வலது பக்க ஆணிகள் அதிகம் தோற்றன. அவர்கள் சொன்ன காரணம், பெரும்பாலோர் வலது கைக்காரர்கள், இடது பக்கத்தை நன்றாகத் துலக்கிவிட்டு வலதை அவசரமாக முடித்துவிடுகிறார்கள். பிற்காலப் பெருங்கணக்கில் இடது வலது வித்தியாசம் நிற்கவில்லை. ஆனாலும் காரணம் நம்பும்படி இருப்பதால் டாக்டர்கள் அதைச் சொல்லித் திட்டுவதை நிறுத்தவில்லை.

என் தீர்ப்பு இது: நூறு வருடம் ஹெட்கியரைத் தலையணைக்கு அடியில் ஒளித்த மனித குலத்துக்கு, எண்பத்தைந்து சதவீதம் நிற்கிற ஓர் ஆணி பெரிய முன்னேற்றம். விழுந்தால் குடி மூழ்கிப் போவதில்லை. லேசாக மரக்கவைத்துப் போட்ட சமாசாரம்; எலும்போடு முழுசாக ஒட்டிக்கொள்ளாததால் கழற்றுவதும் எளிது; சற்று தள்ளி இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். வீட்டில் பாட்டிகள் “பல்லுக்குப் போய் ஆணி அடிக்கிறானுவளே” என்று அலறுவதைத் தவிர பெரிய சேதம் இல்லை.

பிடிமானத்தைப் பற்றி உலகத்துக்கு எடுத்துச் சொன்ன அந்தக் கல்லூரி தானே எத்தனை இழுப்புக்கு ஈடுகொடுத்தது என்பது தனிக்கதை. 2013-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்டது. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மருத்துவ மாணவர்கள் நீண்ட நாள் போராடிய பிறகு, 2021-ல் மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் சுகாதாரத் துறைக்குப் போயின. ராஜா பெயர் போய்க் கடலூர் பெயர் வந்தது. கடலூர் என்று நம்பி மஞ்சக்குப்பத்தில் இறங்கி விசாரித்தால், சுமார் 45 கிலோமீட்டர் தெற்கே போகச் சொல்வார்கள். பெயர் மட்டும்தான் வடக்கே நகர்ந்திருக்கிறது. கட்டடம் அண்ணாமலை நகரில் அப்படியே நிற்கிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஆணி போட்டிருந்தால், மென்மையான பிரஷ்ஷால் அதைச் சுற்றித் தினமும் துலக்கச் சொல்லுங்கள், வலது பக்கத்தையும் சேர்த்து. நாக்கால் தட்டிப் பார்ப்பது, விரலால் ஆட்டிப் பார்ப்பது வேண்டாம். ஆடினால் ஒளிக்காமல் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். இன்னும் போடவில்லை என்றால், விழுந்தபின் போடும் இரண்டாவது ஆணிக்குத் தனியாகக் காசு உண்டா என்பதை முதல் ஆணிக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.